பைனாகுலரில் கருப்பு நிழல், தலைவலி. அவசரம்!

வால்காக்கை: புது பைனாகுலர். பார்க்கும்போது ஓரத்தில் கருப்பாக நிழல் வந்து வந்து போகிறது. கொஞ்ச நேரத்தில் தலைவலி, கழுத்துவலியும்தான். திருப்பிக் கொடுக்க நாளை கடைசி நாள். என்ன செய்யலாம்?

மரங்கொத்தி: எந்த அளவு? கண்ணாடி போடுவீர்களா?

நீர்க்கோழி: உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் ப்ரிசம் நகர்ந்திருக்கும், சந்தேகமே வேண்டாம். தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். கம்பம் இரண்டாகப் பிரிந்தால் திருப்பிவிடுங்கள்.

பழைய_மூங்கில்: எத்தனை முறைதான் எழுதுவது! பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. கண்ணாடி போட்டவர் கண்வளையத்தை, அதாவது கண் வைக்கும் பக்கத்தில் திருகும் வளையத்தை, கீழே இறக்க வேண்டும். ஐ ரிலீஃப், அதாவது முழு வட்டமும் தெரிய லென்சிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம், 15 மி.மீ.க்கும் குறைவு என்றால் இறக்கினாலும் முழு வட்டம் தெரிவது கஷ்டம். வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

மரங்கொத்தி: அவர் கண்ணாடி போடுவதாக எங்கே சொன்னார் ஐயா? வெறுங்கண் என்றால் கதையே வேறு. வளையம் இறங்கியிருந்தால் கண் லென்சுக்கு மிக நெருக்கமாகப் போய்விடும். அவரைவிதை மாதிரி நிழல் ஆடுவது அப்போதுதான்.

வால்காக்கை: கண்ணாடி இல்லை. 10×42: 10 மடங்கு, முன் லென்ஸ் 42 மி.மீ. வளையம் முழுக்கக் கீழேதான் இருக்கிறது.

மரங்கொத்தி: அதேதான். ஒவ்வொரு படியாக மேலே திருகிப் பாருங்கள். அப்புறம் இரண்டு குழாயையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள். தலைவலிக்கு, இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டையாப்டரைப் பாருங்கள்: வலது குழாயின் முன்பக்கத்தைக் கையால் மூடி, இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், டையாப்டர் வளையத்தை மட்டும் திருகி வலதைச் சரிசெய்யுங்கள். கண்ணை இடுக்காதீர்கள்.

தவிட்டுக்குருவி: 10 மடங்கா? வினையே அதுதான். கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.2 மி.மீ.தான், 8×42 என்றால் 5.25. கண் சற்று விலகினாலும் 8 மன்னிக்கும்.

பழைய_மூங்கில்: பிடிக்கத் தெரியாதவர்கள் சொல்லும் சாக்கு. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்தால் 10 அசையாது.

தவிட்டுக்குருவி: அண்ணாந்து கிளை கிளையாகத் தேடும்போது முழங்கை எப்படி விலாவில் இருக்கும்? சதுப்பில் தூரத்து உள்ளான் பறவைக்கு 10 சரி. புதருக்குள் துள்ளும் கதிர்க்குருவியை அதில் பிடிப்பதற்குள் பறந்துவிடும்.

பழைய_மூங்கில்: உங்கள் கதிர்க்குருவி.

நீர்க்கோழி: கம்பம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டீர்களா?

வால்காக்கை: இரண்டு படி ஏற்றினேன், நிழல் போய்விட்டது. கம்பம் ஒன்றுதான். தலைவலி நாளைதான் தெரியும். திருப்பவில்லை. நன்றி.

மரங்கொத்தி: கழுத்துவலி? எடை எவ்வளவு? 700 கிராமைத் தாண்டினால் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, பாரம் இரண்டு தோளிலும் இறங்கும் ஹார்னஸ் மாட்டுங்கள்.

மரங்கொத்தி: வால்காக்கை, இருக்கிறீர்களா?

பழைய_மூங்கில்: வேலை முடிந்தது, போய்விட்டார். 10×42வை வைத்துக்கொண்டார், அதைக் கவனிக்கவும்.

தவிட்டுக்குருவி: தலைவலி நாளைதான் தெரியும் என்றார், அதையும் கவனிக்கவும்.