இங்கிலாந்தில் உயிரியல் பூங்கா விலங்குப் பராமரிப்பு படிக்க நினைப்பவர்களுக்கு

கடந்த இரண்டு மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: இங்கிலாந்தில் உயிரியல் பூங்கா விலங்குப் பராமரிப்பு படிக்கலாமா, எங்கே படிப்பது? ஒருவர் கணவரின் வேலை விசாவில் வந்து லெஸ்டரில் இருக்கும் சகோதரி. இன்னொருவர் பிளஸ் டூ முடித்த மகனுக்காகத் திண்டுக்கல்லிலிருந்து விசாரிக்கும் தந்தை. மூன்றாமவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இப்போதுதான் அகதி அந்தஸ்து பெற்றிருக்கும் தம்பி. கேள்வி ஒன்றுதான் என்றாலும் மூவருக்கும் என் பதில் ஒன்றல்ல என்பதால், தனித்தனியாக எழுதாமல் இங்கேயே விரிவாக எழுதுகிறேன். நான் திருச்சியில் விலங்கியல் படித்து, திருமணமாகி இங்கே வந்தபின் ஒரு கல்லூரியில் விலங்கு மேலாண்மை லெவல் 3 (ஏறத்தாழ நம் பிளஸ் டூ நிலையிலான தொழிற்படிப்பு) முடித்து, இப்போது ஒரு சிறிய உயிரியல் பூங்காவில் கீப்பராக, அதாவது விலங்குப் பராமரிப்பாளராக, இருக்கிறேன்.

படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் விசாவைப் பேசிவிட வேண்டும். மாணவர் விசாவில், வெளிநாட்டு மாணவருக்கான முழுக் கட்டணமும் கட்டி இந்தப் படிப்புக்கு வருவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. படிப்பு மோசமானது என்பதால் அல்ல; அதற்குப் பிறகு வழி அடைபட்டுவிடுகிறது என்பதால்தான். 2025 ஜூலை முதல், திறன் பணியாளர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவரின் வேலை, சில விலக்குகள் நீங்கலாக, பட்டதாரி நிலையில் இருக்க வேண்டும். கீப்பர் வேலை அந்த நிலையில் வைக்கப்படவில்லை. பட்டப்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடைக்கும் கிராஜுவேட் விசாவும் இரண்டு ஆண்டுகள்தான். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது. லெவல் 3 டிப்ளமோவுக்கு அதுவும் கிடையாது. ஊருக்குத் திரும்பினால் வண்டலூரில் வேலை கிடைத்துவிடும் என்ற கணக்கும் சரிவராது. அங்குள்ள பெரிய பூங்காக்கள் அரசின் கையில் இருப்பதால், ஆளெடுப்பும் அரசு முறைப்படியே நடக்கிறது. ஆகவே திண்டுக்கல் ஐயாவுக்குச் சொல்கிறேன்: தயவுசெய்து இதற்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். மகனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், ஊரில் கால்நடை மருத்துவமோ விலங்கியலோ படித்துவிட்டு, மேற்படிப்புக்கு இங்கே வருவதைப் பற்றி யோசிக்கட்டும்.

லெஸ்டர் சகோதரியின் நிலை வேறு. வேலை விசாவில் இருப்பவரின் துணைவர் படிக்கலாம், எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம், தன் வேலைக்கென்று தனி ஸ்பான்சர் தேட வேண்டியதில்லை. அகதி அந்தஸ்து பெற்ற தம்பிக்கும் அப்படியே. கட்டணம்தான் கவனிக்க வேண்டியது. கல்லூரி நிலைப் படிப்புகளுக்கு அரசு நிதியுதவி பெற, பொதுவாக மூன்று ஆண்டுகள் இங்கே சட்டப்படி வசித்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வேலை விசாவில் இருக்கும் பெற்றோருடன் வந்த 16, 17 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டணமின்றியே படிக்கலாம். பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. எதுவானாலும், கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்திடம் உங்கள் விசா விவரத்தைக் கொடுத்து, பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர் "பிரச்சினை இருக்காது" என்று சொன்னதை நம்பியதால், எனக்கு ஒரு முழுக் கல்வியாண்டு வீணானது.

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு, சொந்தமாக விலங்குகள் வைத்திருக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே பதில். செஷயரில் நான்ட்விச் அருகிலுள்ள ரீஸ்ஹீத், வின்செஸ்டர் அருகிலுள்ள ஸ்பார்ஷோல்ட், லண்டனின் வடக்கு ஓரத்தில் என்ஃபீல்டிலுள்ள கேப்பல் மேனர் ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள். ரீஸ்ஹீத் வளாகத்திலுள்ள பூங்கா உரிமம் பெற்றது. 1981ஆம் ஆண்டின் பூங்கா உரிமச் சட்டப்படி, காட்டு விலங்குகளை ஓராண்டில் ஏழு நாட்களோ அதற்கு மேலோ பொதுமக்களுக்குக் காட்டும் எந்த இடமும், சர்க்கஸ், வளர்ப்புப் பிராணிக் கடை நீங்கலாக, பூங்காவாகவே கருதப்படும்; எனவே கல்லூரியாக இருந்தாலும் ஆய்வாளர்கள் வருவார்கள், பதிவேடுகளைக் கேட்பார்கள். மாணவருக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. பட்டம் வேண்டுமானால், நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்கன்ஹர்ஸ்ட் வளாகத்தில் உயிரியல் பூங்கா உயிரியலுக்கென்றே இளங்கலைப் பட்டம் உண்டு. ஸ்பார்ஷோல்ட் நடத்தும் டிஎம்இசட்ஏஏ என்ற டிப்ளமோவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது ஏற்கெனவே பூங்காவிலோ மீன் காட்சியகத்திலோ பணிபுரிபவர்கள் தொலைநிலையில் இரண்டு ஆண்டுகள் படிப்பது. புதிதாக வருபவர் அதிலிருந்து தொடங்க முடியாது.

இனி, படிப்பில் என்ன நடக்கிறது என்பது. புலிக்குட்டிக்குப் பால் புகட்டும் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். காலை எட்டு மணிக்குக் கையில் கிடைப்பது துடைப்பமும் சாணம் அள்ளும் முள்வாரியும்தான். அதன்பின் உணவு தயாரிக்கும் அறை. அங்கே நம் சமையலறைப் பழக்கம் பெரிதும் உதவும் என்று நினைத்திருந்தேன். காய் நறுக்கும் வேகத்துக்கு மட்டும்தான் உதவியது. குரங்கென்றால் வாழைப்பழம் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். டெவனிலுள்ள பெய்ன்டன் பூங்கா தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதை நிறுத்தியது 2014இல் செய்தியாகவே வந்தது. நாம் உண்ணும் பழங்கள் மனித நாவுக்காக வளர்த்தெடுக்கப்பட்டவை. காட்டுப் பழங்களைவிடச் சர்க்கரை மிகுந்தும் நார் குறைந்தும் இருப்பதால், பல் சொத்தையையும் நீரிழிவு அபாயத்தையும் அவை கொண்டுவருகின்றன. எங்கள் கல்லூரியிலும் மார்மொசெட் என்ற சிறு குரங்குகளுக்கு இலைக்காய்களும் வேலம்பிசினும்தான் முதன்மை. பழம் என்பது மருந்தை ஒளித்துக் கொடுக்க மட்டுமே பயன்பட்ட பண்டம்.

சைவக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். ஆந்தைக்கும் பாம்புக்கும் உறைந்த கோழிக்குஞ்சுகளையும் எலிகளையும் இளக்கி, எண்ணி, எடைபோட்டு எடுத்துவைப்பது மாணவரின் வேலை. நான் முட்டைகூடச் சாப்பிடாதவள். முதல் நாள் தட்டில் வரிசையாகக் கிடந்த மஞ்சள் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றேன். மூன்றாம் வாரத்தில் அவற்றின் எடையைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினேன். சமய அல்லது மனச்சான்றின் காரணமாக முடியாது என்றால் கல்லூரி வேறு வேலை ஒதுக்கக்கூடும்; ஆனால் பூங்காவில் வேலை என்று வரும்போது அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது தினசரிப் பதிவேடு. முதல் மாதம் முழுவதும் "உணவு உண்டது, நன்றாக உள்ளது" என்றே எழுதிவந்தேன். ஆசிரியர் ஒருநாள் என்னை அழைத்து, நன்றாக உள்ளது என்பதை எதைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். பதில் இல்லை. அன்று மாலை மாரா அடைப்பின் முன்னால் (முயலுக்கும் மானுக்கும் இடைப்பட்ட தோற்றமுள்ள தென்னமெரிக்கக் கொறிவிலங்கு அது) இருபது நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று குறித்தேன். ஒன்று எழுந்து நிற்கும்போதெல்லாம் இடது முன்காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருந்தது. உணவைத் தவறாமல் உண்டும் வந்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தபோது விரலிடுக்கில் சிறு வெட்டுக்காயம் இருந்தது. எத்தனை நாளாக இருந்தது என்பதற்கு என் பதிவேட்டில் விடை இல்லை. இரையாகும் விலங்குகள் வலியை மறைக்கும் என்பதைத் திருச்சியில் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான்.

ஆங்கிலம் பற்றிய அச்சத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழகான ஆங்கிலம் தேவையில்லை. பார்த்ததைப் பார்த்தபடி, நேரத்தோடு, ஊகம் கலக்காமல் எழுதத் தெரிய வேண்டும். "சோகமாக இருந்தது" என்று எழுதினால் அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிடுவார்கள். "பத்து மணி முதல் பத்தரை வரை கூட்டத்திலிருந்து விலகி மூலையில் முதுகு வளைத்து அமர்ந்திருந்தது" என்று எழுத வேண்டும். விலங்கு நலனை மதிப்பிட உணவு, சூழல், உடல்நலம், நடத்தை, மனநிலை என்ற ஐந்து களங்களை வைத்துப் பார்க்கும் முறையைக் கற்பிப்பார்கள். அந்த முறைக்கும் அடிப்படை இப்படிப்பட்ட குறிப்புகள்தான்.

பாதுகாப்பு விதிகளில் விளையாட்டே கிடையாது. இரட்டைக் கதவில் ஒன்றைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் விலங்குகளை எண்ண வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்ட சான்றை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். உதட்டில் அக்கி போன்ற கொப்புளம் இருந்தால் உடனே சொல்லிவிட்டுக் குரங்குப் பகுதிக்குப் போகாதீர்கள். நமக்குச் சில நாள் எரிச்சலாகப் போகும் அந்த ஹெர்பிஸ் கிருமி மார்மொசெட்டின் உயிரையே எடுத்துவிடும். நம்மில் பலர் உடல்நலக் குறைவைச் சொன்னால் வருகை குறையுமோ என்று மறைத்துப் பழகியவர்கள். இங்கே மறைப்பதுதான் குற்றம்.

வேலை கிடைப்பது சான்றிதழைவிடப் பிளேஸ்மென்ட் நேரத்தை, அதாவது படிக்கும்போதே பணியிடத்தில் பெறும் பயிற்சி நேரத்தை, பொறுத்தே அமைகிறது. ஒரு இடத்துக்கு ஏராளமானோர் விண்ணப்பிக்கும் துறை இது. அவர்களில் ஏற்கெனவே தொண்டராக வேலை செய்தவர்கள் முன்னே நிற்பார்கள். பிரிட்டிஷ், ஐரிஷ் பூங்காக்களின் சங்கமான பியாசாவின் தளத்தில் வேலை அறிவிப்புகள் வெளிவருகின்றன. மாணவர் விசாவில் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்: ஒப்பந்தக் கடமைகளோடு செய்யும் ஊதியமில்லா வேலையும் வாராந்திர மணிக்கணக்கில் சேரும். பட்டப்படிப்பு மாணவருக்கு அந்த வரம்பு, வகுப்புகள் நடக்கும் பருவத்தில், வாரம் 20 மணி நேரம். அதற்குக் கீழான படிப்பென்றால் 10 மணி நேரம்தான். சம்பளம் வரவில்லையே என்று அலட்சியமாக இருந்து விசாவைச் சிக்கலாக்கிக்கொள்ளாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். தொடக்கநிலை கீப்பர் வேலைகள் பல, சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கின்றன. 2025 ஏப்ரலில் அது 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ் என்று விலங்குக்கு விடுமுறை இல்லை. தீபாவளிக்கு விடுப்பு கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், ஏனென்றால் அன்று வேறு யாரும் கேட்பதில்லை! பூங்காக்கள் ஊருக்கு வெளியே இருக்கும், ஞாயிறு காலையில் பேருந்து இராது. ஆகவே ஓட்டுநர் உரிமம் ஏறத்தாழக் கட்டாயம். இந்திய, இலங்கை உரிமங்கள் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதங்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், வந்தவுடனேயே இங்குள்ள தேர்வுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

இனி சகோதரிக்கும் தம்பிக்கும்: சேர நினைப்பவர்கள் வந்து பார்ப்பதற்காகக் கல்லூரிகள் நடத்தும் திறந்த நாட்களில் ஒன்றுக்கு நேரில் செல்லுங்கள், முடிந்தால் மழை பெய்யும் நாளில். ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பிளேஸ்மென்ட், அதைத் தேடித் தருவது கல்லூரியா மாணவரா, வார இறுதியில் விலங்குகளைப் பார்ப்பது யார் என்ற மூன்றையும் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, பிறகு தனியாக ஒரு இரண்டாமாண்டு மாணவரிடமும் கேளுங்கள். இருவரின் பதில்களையும் இங்கே எழுதினால், எந்தக் கல்லூரி என்று பார்த்துச் சொல்கிறேன்.