பங்குக் கிணறு, பாலக்கோடு

சித்தப்பா: 10 ஹெச்பி மோட்டார் புகைஞ்சிடுச்சு. ட்ரான்ஸ்பார்மர்ல ஒரு பீஸ் போயிருக்கு, மீதி ரெண்டு ஃபேஸ்லயே ஓடியிருக்கு. காயில் கட்டக் குடுத்தாச்சு

அத்தை: ஐயோ, தக்காளி நாத்து இப்பத்தான் நட்டது

பெரியப்பா: போன தடவ காசு யாரு குடுத்தது?

சித்தப்பா: அத இப்ப எதுக்குண்ணா

குமார்: சிவாண்ணா, இனிமே ஃபேஸ் போனா தெரியிற மாதிரி மோட்டார் கரண்ட அளக்கலாமா? வைஃபை இருக்குற குட்டிக் கம்ப்யூட்டர் ஈஎஸ்பி32 இருக்கு. கரண்ட் அளக்குற 30 ஆம்பியர் ஏசிஎஸ்712 போர்டும் இருக்கு. வயர வெட்டி நடுவுல போடட்டா?

சிவா: வெட்டாத. அந்த ஏசிஎஸ்712 போர்டுல திருகு முனைக்கும் சிக்னல் பின்னுக்கும் நடுவுல இடைவெளி பத்தாது. 415 வோல்ட் குதிச்சா போர்டும் போகும், கையும் போகும். ஸ்டார்ட் ஆகுறப்ப கரண்டும் 30-ஐத் தாண்டிடும். வயர வெட்டாம மேல கவ்வி கரண்ட் அளக்குற சிடி (கரண்ட் ட்ரான்ஸ்பார்மர்) வாங்கு, எஸ்சிடி-013-000, ஃபேஸுக்கு ஒண்ணா மூணு. 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும்

குமார்: நேரா ஈஎஸ்பி32 பின்ல குடுத்துடலாமா?

சிவா: கூடாது. சிடியோட ரெண்டு முனைக்கும் குறுக்க 22 ஓம் ரெசிஸ்டர். 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ரெண்டு 10 கிலோ ஓம் வரிசையா, நடுப்புள்ளில இருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். சிடியோட ஒரு முனை அந்த நடுப்புள்ளிக்கு, இன்னொண்ணு 1 கிலோ ஓம் வழியா பின் 34-க்கு. வோல்ட் படிக்கிற பின்னுல ஏடிசி2-ங்கிற ரெண்டாவது செட்ட எடுக்காத, வைஃபை ஓடுறப்ப படிக்காது

சிவா: முதல்ல 22 ஓம் மாட்டு, அப்புறம் கவ்வு. முனை திறந்து கெடந்தா வோல்டேஜ் எகிறும்

மாமா: எங்க காவேரிப்பட்டணம் சோலார் பம்புக்கும் இதே சிடி போடலாமா மாப்ள?

சிவா: பேனல்ல வர்றது டிசி மாமா, சிடி காட்டாது. காந்தப்புலத்த வெச்சு டிசியையும் அளக்குற ஹால் சென்சார்தான் வேணும்

அத்தை: சனிக்கெழம காதுகுத்து, எல்லாரும் வந்துடுங்க

குமார்: எந்த வயர்லண்ணா?

சிவா: மெயின்ல இருந்து ஸ்டார்ட்டருக்கு வர்ற வயர்ல, மெயின ஆஃப் பண்ணிட்டு. ஒரு சிடிக்குள்ள ஒரே வயர்தான், மூணையும் சேத்துக் கவ்வினா சைபர் காட்டும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்ல மோட்டாருக்குப் போற ஆறு வயர்ல ஒண்ணக் கவ்வினா, டெல்டால ஓடுறப்ப 15 ஆம்பியருக்கு 8.7 தான் காட்டும். சிடியோட வாயி இறுக்கமா மூடணும், நடுவுல தூசி இருந்தாலே ரீடிங் கொறையும்

பெரியப்பா: ஃபேஸ் போனா மோட்டார் அதுவா ஆஃப் ஆகுமா?

சிவா: ஸ்டார்ட்டர் காயில் 415 வோல்ட் பெரியப்பா, ஈஎஸ்பி32 சொன்னா ஸ்விட்ச் போடுற இந்த நீல ரிலே 250-க்குத்தான். நடுவுல பெரிய ரிலே மாதிரி ஒரு கான்டாக்டர் வேணும். அதுவரைக்கும் ஒரு ஃபேஸ் போனா மோட்டார நிறுத்துற சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் கடையில வாங்கி மாட்டிடுங்க. மோட்டாரக் காப்பாத்துறது அதுதான்

பெரியப்பா: மூணு சிடி எதுக்கு, ரெண்டு போதாதா?

சிவா: ரெண்ட வெச்சு மூணாவதக் கணக்குப் போட்டுக்கலாம், ஆனா ரெண்டையும் ஒரே நேரத்துல படிக்கணும். மூணா இருந்தா நல்லது

சித்தப்பா: காச மூணாப் பிரிக்கலாம்

பெரியப்பா: காதுகுத்துல பேசிக்கலாம்