பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு அணைந்துவிடுகிறது: வயரிங் கோளாறுகள் பற்றிய அனுபவப் பகிர்வு

கல்லடியிலிருந்து

கடந்த மார்கழி மழையில் எனது காரின் இடப்பக்கப் பின்விளக்கில் தொடங்கிய ஒரு கோளாறையும், அதன் மூலத்தைக் கண்டுபிடிக்கும் வரை ஏறத்தாழ ஆறு கிழமைகள் நான் அலைந்ததையும் விவரமாக எழுதுகிறேன். இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், என்னைப் போலவே பலரும் இருபது வயதை எட்டிய கார்களை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரியும். உங்களுக்கு நேர்ந்ததையும் கீழே எழுதுங்கள்.

கல்முனையில் வேலை முடிந்து இரவு ஏழு மணியளவில் திரும்பிக்கொண்டிருந்தபோது, செட்டிபாளையத்துக்கு அருகே பின்னால் வந்த லொறி என்னை முந்திச் சென்று ஓரமாக நின்றது. சாரதி இறங்கி வந்து, “தம்பி, நீங்க பிரேக் போடுற நேரம் இடப்பக்கம் இருட்டாப் போகுது, பார்த்து ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அறுவடைக் காலத்தில் ஒரு விளக்குமில்லாத உழவு இயந்திரப் பெட்டிகளுக்குப் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகின்ற அந்த வீதியில், எனது ஒற்றை விளக்கைக் கவனித்துச் சொல்ல ஒருவர் இருந்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் காருக்குப் பின்னால் நிற்கவைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். விளக்கைப் போட்டால் இடப்பக்கம் மங்கலாக எரிந்தது. பிரேக்கை மிதித்தால் பிரகாசம் கூடுவதற்குப் பதிலாக அதுவும் அணையும் நிலைக்குப் போய், சிக்னல் விளக்கு செம்மஞ்சளாக மினுங்கியது. இன்னும் வியப்பு என்னவென்றால், அதே நேரத்தில் முன்பக்க இடச் சிக்னலும் மெலிதாக ஒளிர்ந்தது. பின்னால் உள்ள பிரேக் விளக்குக்கும் முன்னால் உள்ள சிக்னலுக்கும் என்ன தொடர்பு என்று அன்றைக்கு நான் ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் விடை அந்த இடத்திலேயே கிடைத்திருக்கும். நான் யோசிக்கவில்லை, மின்குமிழ் வாங்கக் கடைக்குப் போனேன்.

இந்த விளக்குக்குரிய மின்குமிழ் 21/5 வாட் என்று விற்கப்படுவது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். 5 வாட் இழை இரவு விளக்குக்கும் 21 வாட் இழை பிரேக்குக்கும் உரியவை. புதியதைப் போட்டும் மாற்றமில்லை. அடுத்து பியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. எனது காரில் இரு பக்கப் பின்விளக்குகளுக்கும் ஒரே பியூஸ்தான். வலப்பக்கம் ஒழுங்காக எரியும்போது பியூஸைச் சந்தேகித்ததே வீண் வேலை.

பிறகு ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் ஹோல்டர் பழுது என்று சொல்லி, வயரோடு சேர்த்துப் புதிய ஹோல்டர் ஒன்றைப் பொருத்தினார்கள். விளக்கு உடனே எரிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு வந்தேன். இரண்டு கிழமையில், ஒரு நாள் பெருமழைக்குப் பின்னர், பழைய கூத்து அப்படியே திரும்பியது.

கடைசியில் உறவினர் ஒருவர் ஆரையம்பதியில் உள்ள வயதான வயரிங் பாஸ் (மேஸ்திரி) ஒருவரிடம் அழைத்துச் சென்றார். நான் அறிகுறிகளைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் டிக்கியைத் திறந்து உள்விரிப்பை நீக்கத் தொடங்கிவிட்டார். “பல்பையும் பியூஸையும் விடு மனே, ஏர்த்தைப் பார். முகத்துவாரம் அடைபட்டா வாவித் தண்ணி எங்க போகும்? வயலுக்குள்ள ஏறும்” என்றார். பாலமீன்மடுவில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆயினும் வாசிப்பவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். பின்விளக்குக் கூட்டில் உள்ள இரவு விளக்கு, பிரேக், சிக்னல் ஆகிய மூன்றும் மின்னைத் தனித்தனி வயர்களில் பெற்றுக்கொண்டாலும், அது பற்றரியின் எதிர்முனைக்குத் திரும்புவது காரின் உடலோடு இணைக்கப்பட்ட ஒரே ஏர்த் வயர் வழியாகத்தான். அந்த வழி அடைபட்டால், பிரேக் இழைக்குள் வந்த மின்னோட்டம் சும்மா நிற்பதில்லை. பக்கத்திலுள்ள சிக்னல் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, சிக்னல் வயரில் முன்பக்கம் வரை ஓடி, முன் சிக்னலின் இழையைக் கடந்து அங்குள்ள நல்ல ஏர்த்தைப் பிடித்துக்கொள்கிறது. வழியில் அகப்படும் எல்லா இழைகளும் மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் எதுவும் முழுமையாக எரிவதில்லை.

அவர் செய்த சோதனையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். முதலில் மல்டிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து ஏர்த் வயரைத் தொட்டார். அது ‘பீப்’ என்று ஒலித்தது. நல்ல வயர்தானே என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, என்னைப் பிரேக்கை மிதித்துக்கொண்டு விளக்கையும் போட்டுவைக்கச் சொல்லி, மீற்றரை நேரோட்ட (DC) வோல்ட்டுக்கு மாற்றி, கறுப்பு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலிருந்து இழுத்து வந்த நீண்ட வயரிலும் சிவப்பு முனையை ஹோல்டரின் ஏர்த்திலும் வைத்தார். ஏறத்தாழ பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 7 வோல்ட் காட்டியது. பல மீற்றர்கள் 30 ஓம் அளவு தடை இருந்தால்கூட ‘பீப்’ என்று ஒலித்துவிடும். ஆனால் இரண்டு அம்பியருக்கு அருகில் மின்னோட்டம் கேட்கும் ஒரு பிரேக் மின்குமிழுக்குப் பத்து ஓம் தடை என்பது கதவைச் சாத்தியதற்குச் சமம். சுமை இல்லாமல் பார்த்தால் நல்லவனாகத் தெரியும் வயர், சுமையை ஏற்றியதும் தன் உண்மையான முகத்தைக் காட்டிவிட்டது.

ஏர்த் போல்ட் இடப்பக்கச் சில்லு வளைவுக்குப் பின்னால், விரிப்பின் அடியில் இருந்தது. விளக்குக் கூட்டைச் சுற்றியுள்ள பஞ்சு அடைப்பு காய்ந்து சுருங்கியதால், மழைநீர் உள்ளே வழிந்து நேராக அந்தப் போல்ட்டின் மேல் விழுந்திருக்கிறது. வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் உப்புக் காற்றும் தன் பங்கைச் செய்திருக்கும். ஏர்த் வயரின் முனையிலுள்ள வளையத்துக்கு அடியில் செந்துரு, வளையத்தில் பச்சைத் துரு. கராஜில் ஹோல்டரை மாற்றியபோது வயரை அசைத்ததில் துருவுக்குள் எங்கோ ஓரிடம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் அந்த இரண்டு கிழமை வெளிச்சம்.

பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, போல்ட்டை அகற்றி, உடலின் தகட்டையும் போல்ட் இறங்கும் இடத்தையும் அரத்தாளால் வெள்ளியாக மின்னும் வரை தேய்த்தார். பழைய வளையத்தை வெட்டி எறிந்தபோது உள்ளே செப்பு நூல்கள் கறுத்திருந்தன. பளபளக்கும் செம்பு தெரியும் வரை ஒரு சாண் நீளம் வெட்டி, புதிய வயர்த் துண்டும் புதிய வளையமும் இட்டு இறுக்கினார். வசிலினை இறுக்கிய பின்னர் மேலால் பூச வேண்டும் என்று வற்புறுத்தினார். மறுபடி அளந்தபோது 0.05 வோல்ட் மட்டுமே காட்டியது. அன்றே புதிய அடைப்பும் போட்டோம். அடைப்பு மாற்றாமல் ஏர்த்தை மட்டும் சுத்தம் செய்வது அடுத்த மாரி வரைக்குமான வைத்தியம்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து

அண்ணன் எழுதியது பயனுள்ளது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஏர்த்தைக் குற்றம் சொல்ல முடியாது என்பதற்கு எனது பின்கதவுக் கார் சாட்சி. அதில் மேலே தூக்கும் கதவிலேயே பின்விளக்கின் ஒரு பகுதியும் இலக்கத் தகட்டு விளக்கும் உள்ளன. கதவைத் திறந்து சோதித்தால் எல்லாம் எரியும், மூடியதும் அணைந்துவிடும். மூன்று பேர் மூன்று விதமாகப் பார்த்தும், கதவைத் திறந்து வைத்தே பார்த்ததால் யாருக்கும் பிடிபடவில்லை. உடலுக்கும் கதவுக்கும் இடையே வயர்கள் செல்லும் மடிப்பு ரப்பர்க் குழாயை நானே ஒரு நாள் கழற்றினேன். பல வருடங்களாகக் கதவோடு மடிந்து நிமிர்ந்ததில் இரண்டு வயர்கள் முற்றாக அறுந்தும், மூன்றாவது தோல் வெடித்தும் கிடந்தன. அறுந்த முனைகள் கதவு திறந்திருக்கும் கோணத்தில் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

இதைத் திருத்தும்போது நான் ஒரு பிழை விட்டேன். அறுந்த இடத்திலேயே ஈயப்பற்று வைத்தேன். ஈயம் ஊறிய வயர் வளையாது. நான்கு மாதத்தில் பற்றுக்கு ஓரமாகவே மீண்டும் அறுந்தது. இரண்டாவது முறை, மென்மையான பல நூல் வயரைக் கொண்டு, இணைப்புகள் குழாய்க்கு வெளியே, ஒன்றுக்கு மேல் ஒன்று வராமல் முன்பின்னாக அமையும்படி நீளமாக மாற்றினேன். இரண்டு வருடமாகிறது, தொந்தரவில்லை.

சம்மாந்துறையிலிருந்து

எனது கதை சிறியது. கடையில் 21/5 இல்லாதபடியால், ஒற்றை இழை கொண்ட 21 வாட் மின்குமிழைப் பையன் ஒருவன் ஹோல்டருக்குள் அழுத்தித் திருகிவிட்டான். இரண்டிழை மின்குமிழின் பக்க ஊசிகள் மேலும் கீழுமாக இருப்பதே வேறொன்று உள்ளே போகாமலிருக்கத்தான். பலம் இருந்தால் அதையும் மீறலாம் போலும். அதன் அடியிலுள்ள ஒற்றை முனை, ஹோல்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டது. அதன் பின் பட்டப்பகலில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இலக்கத் தகட்டு விளக்கும் டாஷ்போர்ட் விளக்குகளும் சேர்ந்து எரிந்தன. வயரிங் முழுவதையும் பிரிக்க ஆயத்தமானபோதுதான் மின்குமிழைக் கழற்றிப் பார்க்கும் புத்தி வந்தது.

காத்தான்குடியிலிருந்து

நமக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறானது. எரியாத விளக்கல்ல, அணையாத விளக்கு. இரண்டு நாட்கள் தொடர்ந்து காலையில் பற்றரி இறங்கிக் கிடந்தது. பற்றரிதான் பழசு என்று மாற்றவும் தீர்மானித்துவிட்டோம். சுபஹுத் தொழுகைக்குப் போகும்போது, பூட்டிக் கிடந்த காரின் பிரேக் விளக்குகள் மதிலில் சிவப்பாக விழுவதைப் பக்கத்து வீட்டுக் காக்கா (அண்ணன்) கண்டு சொன்னார். பிரேக் சுவிட்ச் விளக்கை அணைப்பது பெடல் மேலே வந்து அதை அழுத்துவதால்தான். அந்த இடத்தில் பெடலின் துளையொன்றில் ஒரு சின்ன ரப்பர்க் குமிழ் செருகப்பட்டிருக்கும். அது காலப்போக்கில் பொடிந்து விழுந்துவிட்டால் சுவிட்சின் முனை துளைக்குள் நுழைந்து, பெடல் மிதிபட்டிருப்பதாகவே கார் எண்ணிக்கொள்ளும். மிதியடிப் பாயில் கிடந்த ரப்பர்த் துணுக்குகளைப் பல நாட்களாகக் குப்பையென்று கூட்டி எறிந்தவன் நான்தான். புதிய குமிழ் வரும் வரை, அந்தத் துளைக்குள் தட்டையான தலையுள்ள சிறிய போல்ட் ஒன்றைப் போட்டு நட்டால் இறுக்கி ஓட்டினேன்.

கல்லடி அண்ணனிடம் ஒரு கேள்வி. மின்குமிழுக்குப் பதிலாக எல்ஈடி போட்டால் இந்த ஏர்த் பிரச்சினை குறையுமா?

மீண்டும் கல்லடியிலிருந்து

அந்தக் கேள்வியை நானும் பாஸிடம் கேட்டேன். எல்ஈடி குறைந்த மின்னோட்டத்தில் எரிவதால், பழுதான ஏர்த்திலும் ஓரளவு நன்றாகவே எரியக்கூடும். ஆகவே கோளாறு தீராது, மறைந்துதான் போகும். சிக்னலுக்கும் எல்ஈடி போட்டால் பல கார்களில் அது படபடவென்று வேகமாக அடிக்கத் தொடங்கும், ஏனெனில் சிக்னலை மினுங்கவைக்கும் பிளாஷர் சுமை குறைந்ததை மின்குமிழ் எரிந்துபோனதாக எடுத்துக்கொள்கிறது. அதற்காக இன்னொரு தடையை வயரில் வெட்டி இணைக்க வேண்டும். இருக்கும் வயரில் இன்னொரு வெட்டு எனக்கு வேண்டாம்.

அக்கரைப்பற்றுத் தம்பி எழுதியதைப் படித்த பின்னர், எழுந்துபோய் எனது வலப்பக்கத்தையும் அதே முறையில், பிரேக்கை மிதித்துவைத்து அளந்து பார்த்தேன். கண்ணுக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்த அந்தப் பக்கத்தில் 1.1 வோல்ட் காட்டியது. அதுவும் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஞாயிறு காலை ஒரு மணித்தியால வேலையாக முடித்து 0.1 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்னால் நின்று பார்க்க ஆள் இல்லாத நாட்களில், காத்தான்குடி நண்பரின் மதிலே எனக்கும் வழிகாட்டி. இரவில் காரைப் பின்பக்கமாக வீட்டு வெள்ளைச் சுவருக்கு அருகே விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணாடியில் பார்க்கிறேன். இரண்டு சிவப்பு வட்டங்களும் ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் உள்ளே போய்ச் சாப்பிடுகிறேன்.