ஒத்திகையில் சிரிப்பு வற்றும்போது: மாணவர் ஸ்கிட்டுகளோடு என் அனுபவம்

கல்லூரி மாணவர்களின் நகைச்சுவை ஸ்கிட்டுகளுக்கு ஒத்திகை நடத்துகிறவர்கள் ஒரு கட்டத்தைக் கட்டாயம் சந்திப்பார்கள். முதல் வாசிப்பில் வயிறு வலிக்கச் சிரித்த குழு, இரண்டாம் வாரத்தில் அதே வசனத்தைக் கேட்டு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நிற்கும். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நுண்கலை மன்றப் பொறுப்பாசிரியராகப் பல ஆண்டுகள் நான் கண்டவரை, நல்ல ஸ்கிட்டுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். தங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்பதால் வசனமே பழசாகிவிட்டது என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒருவர் சொற்களைக் கூட்டுகிறார், ஒருவர் குரலை மாற்றுகிறார், இன்னொருவர் தொலைக்காட்சியில் பார்த்த சேட்டை ஒன்றைக் கொண்டுவந்து நுழைக்கிறார். அரங்கில் உட்காரப் போகிறவர் அந்த வசனத்தை முதல்முறையாகக் கேட்கப் போகிறார் என்பதை யாராவது ஒருவர் விடாப்பிடியாக நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பைத்தான் நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மாணவர்கள் உருவாக்கிய ஒரு காட்சியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கல்விக் கடனுக்காக, இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறான் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழ் வாங்க ஒரு மாணவன் கல்லூரி அலுவலகத்துக்கு வருகிறான். எழுத்தர் அடையாள அட்டையைக் கேட்கிறார். அட்டை தொலைந்துவிட்டது, புதிய அட்டைக்கு போனஃபைடு வேண்டுமாம். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எழுத்தர், "நீ இந்த காலேஜ்லதான் படிக்கிறேங்கிறதுக்கு என்னப்பா ஆதாரம்?" என்று கேட்கிறார். அதற்கு மாணவன் சொல்ல வேண்டிய பதில்: "நாலு அரியர் இருக்கு சார்."

வட்டமாக உட்கார்ந்து வாசித்தபோது இது கைதட்டல் வாங்கியது. எழுந்து நின்று நடித்தபோது எடுபடவில்லை. சிரிப்பை எழுப்ப வேண்டிய 'நாலு அரியர்' வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட, பின்னால் வந்த 'இருக்கு சார்' அந்தச் சிரிப்பு எழும் நொடியில் குறுக்கே விழுந்துகொண்டிருந்தது. மாணவன் வேடத்தில் நடித்தவரே ஒரு மாலை அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "இருக்கு சார்..." என்று சொல்லிவிட்டுப் பைக்குள் கைவிட்டுத் தாள்களைத் துழாவினார். எழுத்தராக நடித்தவர் ஏதோ சான்றிதழ் வரப்போகிறது என்று இயல்பாகவே கையை நீட்டினார். மாணவனாக நடித்தவர் மதிப்பெண் பட்டியலை அந்தக் கையில் வைத்தபடி, "நாலு அரியர்" என்றார். எழுத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார், பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மேசையில் ஓங்கிக் குத்தினார். அன்று நாங்கள் எல்லோரும் மறுபடியும் முதல் நாள்போலச் சிரித்தோம்.

மூலப் பிரதியில் இதற்குப் பிறகும் ஒரு வசனம் இருந்தது: "அரியர் இல்லன்னா நான் ஏன் சார் இன்னும் இங்க நிக்கிறேன்?" எழுதிய மாணவிக்கு அதை விட மனமில்லை. அந்த வசனம் நகைச்சுவையை விளக்குகிறது, விளக்கம் வந்ததும் ஸ்டாம்பின் சத்தத்துக்கு வேலை இல்லாமல் போகிறது என்பது என் எண்ணம். ஆனால் நான் ஆணையிட்டு அதை நீக்கவில்லை. இரண்டு விதமாகவும் நடிக்கச் செய்து, ஸ்கிட்டை அதுவரை பார்த்திராதவர்கள் முன்னால் வைத்தோம். பார்த்து முடித்ததும் அந்த மாணவியே பேனாவை எடுத்து அடித்துவிட்டார்.

இப்படிப் புதியவர்கள் முன்னால் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை நான் எல்லாப் பொறுப்பாசிரியர்களுக்கும் பரிந்துரைப்பேன். சில நாள்களுக்கு ஒருமுறை முதலாண்டு மாணவர்கள், நூலக உதவியாளர், விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறவர்கள் என்று நான்கைந்து பேரை அழைத்து உட்காரவைப்போம். ஒருமுறை வந்தவரை மறுமுறை அழைப்பதில்லை. நான் மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்கள் முகங்களையே பார்த்து, பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். ஒருநாள் விடுதிச் சமையலறை அம்மா ஒருவர், மற்றவர்கள் சிரித்த இடத்தில் சிரிக்காமல் இருந்துவிட்டு, முடிந்ததும் மாணவரைக் கூப்பிட்டு, "போனஃபைடுன்னா என்ன தம்பி?" என்று கேட்டார். அரியர் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மகனும் எழுதிக்கொண்டிருந்தானாம். அவர் கேட்ட பிறகு, தொடக்கத்திலேயே எழுத்தர், "நீ இங்கதான் படிக்கிறேன்னு நாங்க எழுதிக் கொடுக்கிற பேப்பர், அதானே?" என்று சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தோம். அந்த ஒரு வரியால் காட்சியின் முரண் எல்லோருக்கும் விளங்கியதோடு, ஆதாரம் கேட்கும் கடைசிக் கேள்விக்கும் கூடுதல் கூர்மை வந்தது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1883இல் தொடங்கிய ஃபுட்லைட்ஸ் என்னும் மாணவர் குழு இதை ஒரு மரபாகவே வைத்திருக்கிறது. அவர்கள் 'ஸ்மோக்கர்' என்று அழைக்கும் நிகழ்ச்சிகளில், மாணவர்கள் புதிதாக எழுதிய துணுக்குக் காட்சிகளை அவையினர் முன் வைத்துப் பார்க்கிறார்கள். நம் கல்லூரிகளில் போட்டி மேடைதான் பெரும்பாலும் முதல் மேடை. மாதம் ஒரு மாலை, பரிசும் நடுவரும் இல்லாமல், ஒரு வகுப்பறையிலேயே இப்படி ஒன்றை நடத்த முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் மற்றொன்று வேகம். கிரேஸி மோகன் 1972இல் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோது கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கு எழுதிய நாடகத்தில் தொடங்கியவர் என்பதால், எழுத வரும் மாணவர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே நினைக்கிறார்கள். அவருடைய வசனங்களின் அடைமழையைத் தாங்களும் பெய்ய நினைக்கிறார்கள். 1979இல் தொடங்கிய அவருடைய குழுவில் பலர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே நடித்தவர்கள். அவையின் சிரிப்பு எங்கே எழும், எப்போது அடங்கும் என்று அறிந்தவர்கள். மாணவர்களுக்கு அந்தக் காலம் கிடைப்பதில்லை. ஆகவே ஒத்திகையில் சிரிப்பு வரவேண்டிய இடங்களில் வெளியே உட்கார்ந்திருப்பவர்களைக் கைதட்டச் சொல்லி, அது பாதியாகக் குறையும்வரை அடுத்த வசனத்தைப் பேசாமல் பழக்குகிறோம். அந்த இடைவெளியில் வெறுமனே நிற்காமல் பாத்திரம் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். எழுத்தருக்குக் கண்ணாடி கிடைத்தது அப்படித்தான். மைக்கையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரி அரங்குகளில் நிற்கும் மைக் இரண்டோ மூன்றோதான் இருக்கும்; சிரிப்பு வசனம் மைக்கைவிட்டு நான்கடி தள்ளிப் பேசப்பட்டால் பின்வரிசைக்குப் போய்ச் சேராது. முதல் வாரத்திலேயே தரையில் சாக்பீஸால் மைக்குகளுக்கு வட்டம் போட்டுவிடுகிறோம்.

உருவத்தையும் நிறத்தையும் கேலி செய்யும் வசனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புதிய குழுவும் அவற்றோடுதான் வருகிறது. சிரிப்பு நிச்சயம் என்று அவர்கள் நம்புகிறார்கள். குண்டானவர் என்பதற்காகவே ஒரு வேடம் கொடுக்கப்பட்ட மாணவர் ஒத்திகைகளுக்குத் தாமதமாக வரத் தொடங்கியதைக் கண்ட பிறகு, அத்தகைய வசனம் எதையும் நான் அனுமதிப்பதில்லை. அவற்றை அவையோர் ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள், முதல்முறை கேட்கும் வியப்பு அங்கே பிறக்கவே வழியில்லை என்று சொன்னால் மாணவர்கள் விரைவில் ஏற்றுக்கொள்கிறார்கள். அதே மாணவருக்குத்தான் பிறகு எழுத்தர் வேடம் கிடைத்தது.

போட்டிக்கு முந்தைய இரண்டு நாள்களில் சிரிப்பு வசனங்களை முழுக்குரலில் பேச விடுவதில்லை. உள்ளே வருவது, வெளியேறுவது, மேசையை வைப்பது, மைக்கருகில் வந்து நிற்பது ஆகியவற்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்கிறோம். நேரம் கடந்தால் மதிப்பெண் குறையும் என்பதால், எட்டு நிமிட ஸ்கிட்டை ஒத்திகையில் ஆறரை நிமிடத்துக்குள் முடிக்கும்படி வெட்டிவிடுகிறோம். மீதி ஒன்றரை நிமிடம் அவையோரின் சிரிப்புக்கு. அந்தக் காட்சியை மேடையேற்றிய அன்று அந்த ஒன்றரை நிமிடமும் தேவைப்பட்டது. மதிப்பெண் பட்டியல் கைமாறியதும் எழுந்த சிரிப்பு அடங்கும்வரை எழுத்தர் அவசரப்படாமல் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார், எச்சரிக்கை மணி அடித்த பிறகுதான் ஸ்டாம்பை எடுத்தார்.