சிஎன்சி மோல்டிங்கில் வரி வரியாக விழுகிறது, அவசரம்

பள்ளத்தூர்_பட்டறை (வியாழன், இரவு 9.40)
வணக்கம். நிலைக்கு மேலே வைக்கிற மோல்டிங் (அலங்கார மரப் பட்டை), தாமரைக் கொடி டிசைன். சிஎன்சியில் (கணினி சொல்கிறபடி செதுக்கும் மெஷின்) ஓட்டினேன், மேற்பரப்பு முழுக்க வரி வரியாக இருக்கிறது. உப்புத்தாள் போட்டால் வரி போகிறது, கூடவே இதழின் நரம்பும் போய்விடுகிறது. மெஷின் புதிது. ஞாயிறு கானாடுகாத்தான் வீட்டில் மாட்டியாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரவுட்டர்_தேவகோட்டை
என்ன மரம்? என்ன பிட் (வெட்டும் முனை), எத்தனை மி.மீ.? ஸ்டெப் ஓவர், அதாவது ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி, எவ்வளவு? பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் வேகம்? இவை எதுவும் இல்லாமல் என்ன சொல்வது தம்பி? ஒரு படம் போடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து எடுங்கள், நேர் வெளிச்சத்தில் வரி தெரியாது.

ஈரமானி
மரத்தில் ஈரம் இருக்கும், வேறொன்றும் இல்லை. மில்லில் கிடைப்பது பெரும்பாலும் அரைகுறையாகக் காய்ந்த மரம். ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் பிட் நாரை வெட்டாது, இழுக்கும். என் பட்டறையில் ஈரம் பார்க்காமல் ஒரு பலகைகூட மெஷினில் ஏறாது.

பள்ளத்தூர்_பட்டறை
தேக்குதான் அண்ணே. சாதாரண பிட். மரம் நன்றாகக் காய்ந்தது.

கோட்டையூர்_சீனியர்
'சாதாரண பிட்' என்று ஒரு பிட் கிடையாது. இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. மெஷின் வாங்கப் பணம் இருக்கிறது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்க நேரம் இல்லை.
கடைசியாக ஒரு முறை சொல்கிறேன். பூ வேலைக்குப் போடுவது பால் நோஸ், உருண்டை முனை. அது ஓடிய இரண்டு தடத்துக்கு நடுவில் ஒரு மேடு நிற்கத்தான் செய்யும். ஸ்டெப் ஓவரை அதாலேயே பெருக்கி, பிட் விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் மேட்டின் உயரம் வரும். 6 மி.மீ. பிட், ஸ்டெப் ஓவர் 1.2 என்றால் மேடு 0.06 மி.மீ. அதையே 0.5 ஆக்கினால் 0.01தான். உப்புத்தாளுக்கு வேலையே இருக்காது.

ரவுட்டர்_தேவகோட்டை
சீனியர் சொன்ன கணக்கு சரி. ஆனால் எல்லா வரியும் அந்த வரி இல்லை. தம்பி, ஸ்கேலை வைத்துப் பத்து வரி எத்தனை மி.மீ. என்று அளந்து பாருங்கள். இடைவெளி சீராக, ஸ்டெப் ஓவருக்குச் சமமாக இருந்தால் அது பிட் விட்ட மேடு. ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் அகலமாகவும் இருந்தால் அதிர்வு: பிட்டைப் பிடிக்கும் கோலெட்டில் தூசி, பிட் அளவுக்கு மேல் நீண்டிருப்பது, அடியில் பலகை சரியாகப் படியாதது. இதழின் ஒரு பக்கம் மட்டும் பிசிறு என்றால் மரத்தின் நார் ஓடும் திசை காரணம். காரணம் தெரியாமல் உப்புத்தாளை எடுக்காதீர்கள்.

டிசைன்_மதகுபட்டி
வளைவில் பட்டை பட்டையாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். டிசைனின் முப்பரிமாண வடிவம் இருக்கும் எஸ்டிஎல் கோப்பைக் குறைந்த தரத்தில் சேமித்தால் வளைவு சின்னச் சின்ன முக்கோணமாக உடையும், மெஷின் அதை அப்படியே வெட்டும். என்னிடம் வரும் கோப்புகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

உளிக்காரன்
மனசு கேட்காமல் எழுதுகிறேன். நம் ஊரில் முற்றம் வைத்த வளவு வீடுகளில் நிலைக் கதவைப் போய்த் தொட்டுப் பாருங்கள். அதில் எந்த ஸ்டெப் ஓவர் இருந்தது? தீட்டின உளி கடைசியாகச் சீவிவிட்டுப் போன பளபளப்பு அது. என் தாத்தா உளி தீட்டவே அரை நாள் எடுப்பார். உப்புத்தாள் மரத்தைத் தேய்க்கும், உளிதான் வெட்டும்.

ஈரமானி
அந்த மரம் பர்மா தேக்கு அண்ணே. 1942-க்கு முன்னால் கப்பலில் வந்தது. இன்று தோட்டத்தில் வளர்த்த தேக்கில் அந்த நெருக்கமான ரேகை எங்கே இருக்கிறது?

உளிக்காரன்
மரத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாது. வேம்பிலும் நான் அப்படிச் சீவியிருக்கிறேன்.

டிசைன்_மதகுபட்டி
ஐயா, உங்கள் கை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரே அச்சில் நாற்பது அடி மோல்டிங் கேட்கும் வீட்டுக்காரருக்குக் கை வேலைக்கான கூலி கட்டுப்படியாவதில்லை. மெஷின் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் இரண்டு பட்டறை மறுபடி திறந்தது. பழைய வீட்டைப் பிரித்து நிலையைத் தூக்கி விற்பதைவிட, புதிதாக ஒன்று செய்து மாட்டுவது எவ்வளவோ மேல்.

கோட்டையூர்_சீனியர்
கேள்வி வழவழப்பைப் பற்றி. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஏன் வழவழப்பாக இருக்கிறது? கலவையைக் கண்ணாடி மேல் ஊற்றுவதால். அப்புறம் தேய்த்துக் கொண்டுவந்தது இல்லை. மெஷினிலும் அப்படித்தான், வெட்டும்போதே வர வேண்டும்.

பள்ளத்தூர்_பட்டறை (வெள்ளி, காலை 6.15)
அளந்தேன். பத்து வரி 12 மி.மீ., எங்கும் ஒரே சீர். 6 மி.மீ. பால் நோஸ், வெட்டும் பல் இரண்டு. ஸ்டெப் ஓவர் பிட் விட்டத்தில் 20 சதவீதம், சாஃப்ட்வேரில் முதலிலேயே அப்படித்தான் இருந்தது, நான் மாற்றவில்லை. 18,000 ஆர்பிஎம், ஃபீட் (பிட் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 1,200 மி.மீ. மெதுவாகப் போனால் நன்றாக வரும் என்று நினைத்தேன். பிட் ஓட்டத்தை ரேகைக்குக் குறுக்கே வைத்திருந்தேன். 0.5 வைத்தால் ஒரு துண்டு 50 நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஆகிறதே, ஞாயிறுக்கு எப்படி முடிப்பது?

ரவுட்டர்_தேவகோட்டை
சரி, இப்போது பேசலாம்.
மெதுவாகப் போவது உங்களுக்கு எதிரி. 18,000 சுற்று, இரண்டு பல், ஃபீட் 1,200 என்றால் ஒரு பல் 0.03 மி.மீ. தான் கடிக்கிறது. அது வெட்டு இல்லை, உரசல். பிட் சூடாகும், முனை மழுங்கும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் இன்னும் சீக்கிரம் மழுங்கும். ஃபீடை 3,000-க்குக் கொண்டுபோனால் பல்லுக்கு 0.08 வரும். மெஷின் அதிர்ந்தால் 2,500-இல் நிறுத்துங்கள். நேரமும் பெருமளவு திரும்பக் கிடைக்கும், ஆனால் சின்ன வளைவுகளில் மெஷின் தானாக வேகம் குறைக்கும், அதை நினைவில் வையுங்கள்.
முதலில் தட்டை முனை ஃபிளாட் பிட்டில் ரஃப் (முதல் முரட்டு வெட்டு) ஓட்டி 0.5 மி.மீ. மிச்சம் விடுங்கள். அப்போதுதான் பால் நோஸுக்கு எங்கும் ஒரே சுமை. ஃபினிஷ் ஓட்டத்தைப் பூ இருக்கும் இடத்துக்கு மட்டும் வரம்பு கட்டுங்கள், சமதளமான ஓரத்தை ஃபிளாட் பிட்டே முடித்துவிடும். ஓட்டம் நீளவாக்கில், ரேகையோடு போகட்டும். மிச்ச வரி ரேகைக்குள் மறையும். குறுக்கு வரி பாலிஷ் போட்டதும் கண்ணில் குத்தும்.
கோலெட்டைக் கழற்றித் துடையுங்கள், பிட் புதிதாகப் போடுங்கள். முழுத் துண்டுக்கு முன் ஒரு சாண் கழிவு மரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

உளிக்காரன்
ஓட்டிய பிறகு பிசிறு நின்றால் தேய்க்காதே தம்பி. சீலரை (பாலிஷுக்கு முந்தைய அடிப்பூச்சு) ஒரு கை மெல்லிசாக அடித்துக் காயவிடு. நார் விறைத்து நிற்கும். அப்புறம் 240 நம்பர் உப்புத்தாளைச் சுருட்டி மேலாகத் தடவு, பிசிறு உதிரும், நரம்பு நிற்கும். இதழ் மடிப்புக்கு மட்டும் உளியை எடு. அதற்கு ஒரு துண்டுக்குக் கால் மணி நேரம் போதும்.

ஈரமானி
இருந்தாலும் ஈரம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பள்ளத்தூர்_பட்டறை (சனி, இரவு 11.20)
வரி போய்விட்டது. 0.5, ஃபீட் 2,500, நீளவாக்கில். ஒரு துண்டு ஒரு மணி பத்து நிமிடம். இதழ் மடிப்பை உளியில் எடுத்தேன் ஐயா. மூன்று முடிந்தது, நான்காவது ஓடுகிறது.