பில்ட் கிளீன் ஸ்கிரிப்ட் தொடக்கூடாதத தொட்ட அனுபவம் இருந்தா பகிர்ந்துக்கோங்க

பழைய பில்ட் ஃபைல்கள அழிக்கிற கிளீன் ஸ்கிரிப்டத் தான் சொல்றேன். நானே ஆரம்பிக்கிறேன். எங்க டீம்ல ஒருத்தர் மேக்ஃபைல்ல, அதாவது மேக்ங்கிற பில்ட் டூல் படிக்கிற ஃபைல்ல, கிளீன் டார்கெட் எழுதியிருந்தார், மொத லைன்ல சிடி பில்ட், அதாவது பில்ட் ஃபோல்டருக்குள்ள போ, அடுத்த லைன்ல ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் ஸ்டார், அதாவது அங்க இருக்குறதெல்லாம் கேக்காம அழி. படிச்சுப் பாத்தா தப்பே தெரியாது. ஆனா மேக் ஒவ்வொரு லைனையும் தனித்தனி ஷெல்லுல (கமாண்ட வாங்கி ஓட்டுற புரோகிராம்) தான் ஓட்டும், மொத லைன்ல உள்ள போனது ரெண்டாவது லைனுக்குத் தெரியவே தெரியாது, அதனால அழிக்கிற லைன் சோர்ஸ் இருக்குற ஃபோல்டர்லயே ஓடிருச்சு. மேக்ஃபைலும் சேந்து போச்சு. வெறும் ஸ்டார் போட்டா புள்ளியில ஆரம்பிக்கிற பேர ஷெல் எடுக்காது, அதனால கோடோட பழைய வெர்ஷன்கள கிட் சேத்து வைக்கிற டாட் கிட் ஃபோல்டர் பிழைச்சுது, கமிட் பண்ணதெல்லாம் திரும்பக் கெடச்சுது. கமிட் பண்ணாத வேலை போனது போனது தான், மனுஷன் அன்னிக்கு யார்கிட்டயும் பேசல.

அதுக்கப்புறம் கிளீன் டார்கெட்ல சிடியே கூடாதுன்னு வச்சுட்டோம். வெளிய நின்னு ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் பில்ட்னு பேர் சொல்லி அழிக்கணும். உங்க பக்கம் என்ன நடந்துச்சு?

*

நான் ரிவ்யூல அடிக்கடி பிடிக்கிறது காலி வேரியபிள். அவுட்புட் ஃபோல்டர் பேர ஒரு வேரியபிள்ல வச்சு, பின்னாடி ஸ்லாஷ் ஸ்டார் சேத்து அழிக்கிறது. வேரியபிள் காலின்னா மிஞ்சுறது ஸ்லாஷ் ஸ்டார் மட்டும் தான், ரூட்டுல, அதாவது சிஸ்டத்தோட உச்சி ஃபோல்டர்ல, இருக்குறது முழுக்க. 2015 ஜனவரில லினக்ஸ் ஸ்டீம்ல (கேம் வாங்கி விளையாடுற ஆப்) வெளிய வந்த பக் இதே தான், யூசரோட ஹோம் ஃபோல்டரும் மாட்டியிருந்த எக்ஸ்டர்னல் டிரைவும் சேந்து போச்சு. ஜிஎன்யூ ஆர்எம் ரூட்ட அழிக்க விடாதே, 2006லயே அந்தப் பாதுகாப்பு வந்துருச்சேன்னு சிலர் சொல்வாங்க. அது ஸ்லாஷ் மட்டும் குடுத்தா தான் தடுக்கும், ஸ்டார் இருந்தா ஷெல் முன்னாடியே விரிச்சு ஒவ்வொரு ஃபோல்டர் பேரா குடுத்துரும், ஆர்எம்முக்கு ரூட்டுன்னே தெரியாது.

செட் மைனஸ் யூ போட்டா போதும்னு நெனைக்காதீங்க. டிஃபைன் பண்ணாத வேரியபிள தான் அது பிடிக்கும், டிஃபைன் ஆகி காலியா இருந்தா சத்தமில்லாம விட்டுரும். ஸ்டீம்ல நடந்தது இந்த ரெண்டாவது வகை, உள்ள ஓடின சிடி ஃபெயில் ஆனா வேரியபிள்ல காலி ஸ்ட்ரிங் வந்து உக்காந்துரும். வேரியபிள் பேருக்குப் பின்னாடி பிரேஸுக்குள்ள கோலனும் கேள்விக்குறியும் போடுங்க, ரெண்டு கேஸுலயும் அங்கயே நின்னுரும். ஷெல் ஸ்கிரிப்ட்ல தப்பு தேடுற ஷெல்செக் டூல ஓட்டினா 2115ங்கிற நம்பர்ல இதையே தான் சொல்லும், அந்த வார்னிங்க தயவுசெஞ்சு ஆஃப் பண்ணாதீங்க.

*

எங்களுக்கு கன்டெய்னர்ல, அதாவது மெஷினுக்குள்ளயே தனியா பிரிச்சு பில்ட் ஓட்டுற எடத்துல. உள்ள என்ன அழிஞ்சாலும் கன்டெய்னர் தான போகும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, வெளிய இருக்குற மெஷினோட (ஹோஸ்ட்) ஃபோல்டர உள்ள மவுண்ட் பண்ணியிருந்தா, அதாவது இணைச்சிருந்தா, அப்படி இல்ல, உள்ள அழிச்சா வெளியவும் காலி. முந்தி நான் இருந்த எடத்துல எல்லா பில்டுக்கும் பொதுவான டவுன்லோட் கேஷ பில்ட் ஃபோல்டருக்குள்ள மவுண்ட் பண்ணி வச்சிருந்தாங்க, கிளீன் அதுக்குள்ளயும் எறங்கி வழிச்சு எடுத்துருச்சு. லாக்ல இருந்தது ஒரே ஒரு எரர், மவுண்ட் பாயிண்ட் பிஸியா இருக்கு அழிக்க முடியலன்னு, அது வர்றதுக்குள்ள உள்ள எதுவும் மிச்சமில்ல. ஆர்எம்ல வேற ஃபைல் சிஸ்டத்துக்குள்ள எறங்காம இருக்க ஒன் ஃபைல் சிஸ்டம்னு ஆப்ஷன் இருக்கு, ஆனா அதே டிஸ்க்ல இருந்து பைண்ட் மவுண்ட் பண்ணியிருந்தா அது கண்டுக்காது. அதனால கேஷ பில்ட் ஃபோல்டருக்கு வெளிய வைக்கிறது தான் வழி.

வேற எடத்தக் காட்டுற லிங்கான சிம்லிங்கும் இதே கதை தான். லிங்க் பேர மட்டும் குடுத்தா லிங்க் தான் போகும், பேருக்கு அப்புறம் ஸ்லாஷ் ஸ்டார் போட்டா அந்தப் பக்கம் இருக்குற நெஜ ஃபைலெல்லாம் போயிரும்.

*

எல்லாரும் சொன்னது சரி, ஆனா ஒவ்வொரு ஓட்டையா அடைச்சுட்டு இருந்தா முடியாது. ஸ்கிரிப்ட் தான் உருவாக்கினத மட்டும் தான் அழிக்கணும், அதுக்கு ஆதாரம் கையில இருக்கணும். நாங்க பில்ட் ஃபோல்டர் உருவாக்குறப்பவே உள்ள ஒரு மார்க்கர் ஃபைல் போடுறோம், கிளீன் ஸ்கிரிப்ட் ரியல்பாத் (லிங்கெல்லாம் தாண்டின நெஜப் பாதை) எடுத்து அது ப்ராஜெக்டுக்குள்ள தான் இருக்கான்னு பாக்கும், மார்க்கர் இருக்கான்னு பாக்கும், ஏதாவது ஒண்ணு இல்லன்னா எரர் குடுத்து வெளிய வந்துரும். ரஸ்ட்டோட கார்கோ கூட டார்கெட் ஃபோல்டர்ல கேஷ்டிர் டாட் டேக்னு ஒரு ஃபைல் போடும், இது திரும்ப உருவாக்கக்கூடிய கேஷ் தான்னு பேக்கப் டூலுங்களுக்குச் சொல்றதுக்காக. அதே யோசனைய நீங்க அழிக்கிறதுக்கு முன்னாடி செக் பண்ணவும் எடுத்துக்கலாம்.

"நிச்சயமா அழிக்கவா, ஒய் ஆர் என்" கேக்குறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. தானா பில்ட் ஓட்டுற சிஐல பதில் சொல்ல ஆளே இல்ல, ஆள் இருக்குற எடத்துல ரெண்டு வாரத்துல கை தானா ஒய் அடிச்சுரும்.

*

மார்க்கர் யோசனை நல்லாருக்கு, திங்கக்கிழமையே எங்க ரெப்போல போட்டுப் பாக்குறேன். கிட்ல சேக்காத ஃபைல அழிக்கிற கிட் கிளீன் கமாண்ட் பத்தி யாரும் சொல்லல. அதுல எக்ஸ் சேத்தா இக்னோர் லிஸ்ட்ல இருக்குறதும் போகும், டாட் என்வ், லோக்கல் கீ ஃபைல் எல்லாம் அந்த லிஸ்ட்ல தான் இருக்கும், கிட்ல இல்லாததால திரும்ப எடுக்க வழியே இல்ல. மொதல்ல மைனஸ் என் போட்டு எது எது போகும்னு லிஸ்ட் பாத்துக்கோங்க, வச்சுக்க வேண்டியத மைனஸ் ஈ போட்டு விலக்கிருங்க.

ஃபைல் தேடுற ஃபைண்ட் கமாண்ட யூஸ் பண்றவங்க டெலீட்ட எப்பவும் கடைசியில போடுங்க. ஃபைண்ட் எடமிருந்து வலமா பாத்துட்டே போகும், பேர் கண்டிஷனுக்கு முன்னாடி டெலீட் இருந்தா பேரப் பாக்காமலே எல்லாத்தையும் அழிச்சுரும். டெலீட் இருக்குற எடத்துல மொதல்ல பிரிண்ட் போட்டு ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் மாத்துங்க.