21ஆம் இலக்கச் சட்டை

ஸ்காபரோவிலிருந்து:

ஐஸ் ஹொக்கி வீரர் பொர்யே சால்மிங் விளையாடியதை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். 1987 ஏப்ரல், ரொறன்ரோ மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம், செயின்ட் லூயிஸ் அணியுடன் பிளேஓஃப் ஆட்டம். நான் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே சமையற்காரராக இருந்தவருடன் ஆட்டத்துக்குப் போகவேண்டிய அவருடைய தம்பிக்குக் காய்ச்சல். "நீ வாறியா?" என்று என்னிடம் கேட்டார். ஹொக்கி என்றால் என்ன என்று தெரியாமலே போனேன்.

கூரைக்குக் கிட்ட, சாம்பல் நிற இருக்கைகள். அந்த உயரத்திலிருந்து யாருடைய முகமும் தெரியாது, முதுகில் இலக்கம் மட்டும்தான். "21ஐ மட்டும் பார், மற்றதெல்லாம் பிறகு விளங்கும்" என்றார் சமையற்காரர். 21தான் சால்மிங், டிஃபென்ஸ்மன். கோல் காப்பாளருக்கு முன்னால் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர். எதிரணி வந்தால் மறிக்கவேண்டும், பக், அதாவது பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு, கையில் கிடைத்தால் முன்னால் ஓடுகிறவர்களுக்கு அனுப்பவேண்டும்.

இரண்டாவது பகுதியில் என்று நினைக்கிறேன், நீலக்கோட்டருகே எதிரணிக்காரர் ஒருவர் மட்டையை ஓங்கினார். சால்மிங் ஒரு முழங்காலை மடக்கி, அப்படியே பக்கவாட்டாகப் பனியில் படுத்துவிட்டார். பக் அவர் காலில் பட்ட சத்தம், காய்ந்த தேங்காயைக் கல்லில் அடித்ததுபோல, எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. அது 170 கிராம் ரப்பர், அதையும் குளிரில் உறையவைத்துத்தான் விளையாடுவார்கள். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் எழும்பி, அதே பக்கை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது 36 வயது நிறைய ஒரு சில நாள்தான் இருந்தது.

சால்மிங்கின் முகத்தைப் பற்றிச் சமையற்காரர் பிறகு சொன்னார். அதற்கு முந்திய நவம்பரில் கோல் வாசலில் விழுந்து கிடந்தபோது, எதிரணி வீரர் ஒருவருடைய ஸ்கேட்டின் அலகு தவறுதலாக அவர் முகத்தில் இறங்கிவிட்டது. 200க்கு மேல் தையல். அடுத்த நாள் பேப்பரில் படம் பார்த்தேன். நெற்றியிலிருந்து வாயோரம் வரை உழவுச் சால் போல ஒரு கோடு. அப்படி ஒரு காயம் பட்ட மனிதன், ஐந்து மாதம் கழித்து மறுபடியும் பக்குக்கு முன்னால் படுக்கிறான்! அன்றிலிருந்து நான் அந்த மனிதனின் ஆள்.

அவர் சுவீடனின் வடக்கில், கிருனா என்ற இரும்புச் சுரங்க ஊர்ப் பக்கத்தவர். தகப்பன் வழியில், அந்த வடபகுதியின் பழங்குடியான சாமி இனத்தவர். ஐந்து வயதில் தகப்பனைச் சுரங்க விபத்தில் பறிகொடுத்தவர். 1973இல் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து என்எச்எல் என்ற அந்த வட அமெரிக்க ஹொக்கி லீக்கில் நின்றுபிடித்தவர்கள் இல்லையென்றே சொல்லலாம். சுவீடன்காரன் என்றால் பயந்தவன் என்று ஒரு பேச்சு. கோழி என்று முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள். மட்டையால் குத்தினார்கள், சுவரோடு வைத்து இடித்தார்கள். தன்னுடைய இரண்டாவது ஆட்டத்திலேயே, பிலடெல்பியாவில், அந்த லீக்கின் பேர்போன சண்டைக்காரர் டேவ் ஷுல்ட்ஸுடன் அவர் மல்லுக்கு நிற்கவேண்டி வந்தது. அதன் பிறகும் 16 பருவங்கள் இங்கேயே ஆடினார்.

ஆட்களை அளக்க எல்லாரும் புள்ளிக்கணக்கைத்தான் எடுப்பார்கள். லீஃப்ஸ் அணிக்காக மற்றவர்கள் கோல் போடக் கைகொடுத்தது 620 தடவை. அந்த அணியில் இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் படுத்து மறித்த பக்குகளுக்கு அந்தக் காலத்தில் கணக்கு வைக்கவில்லையே, எனக்கு அதுதான் பெரிய குறை. சிறந்த டிஃபென்ஸ்மனுக்கான நோரிஸ் விருதுக்கு 1977இலும் 1980இலும் இரண்டாவதாக வந்தார். இரண்டு முறையும் அது மொன்றியலின் லாரி ராபின்சனுக்குப் போனது. லீக்கில் வெல்லும் அணிக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கிண்ணமும் கடைசிவரை கிடைக்கவில்லை. அணி பலமாக இருந்திருந்தால் கதையே வேறு.

அவரை நேரில் பார்த்தவர்கள் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள்.

அஜாக்ஸிலிருந்து:

அண்ணா, நான் அவர் விளையாடிப் பார்த்ததில்லை, அவர் ஓய்வுபெறும்போது எனக்கு நான்கு வயது. ஆனால் 2022 நவம்பர் 12ஆம் திகதி இரவு அவரைப் பார்த்தேன், ரீவியில். நான் தாதியாக வேலை செய்கிறேன், அது இரவு வேலையின் இடைவேளை.

அவருக்கு ஏஎல்எஸ் என்று அந்த ஓகஸ்டில்தான் அறிவித்திருந்தார்கள். மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் வியாதி. சிலருக்குக் காலில் தொடங்கும், சிலருக்குத் தொண்டையிலும் நாக்கிலும். அவருக்குப் பேச்சே போய்விட்டிருந்தது. இந்த நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றியிருக்கிறேன். சட்டைக் கைக்குள் அவர்களுடைய கையை நுழைக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த நிலையில் அத்திலாந்திக்கைத் தாண்டி வந்திருந்தார்.

வான்கூவருடன் ஆட்டம். ரொறன்ரோ தொடங்க இறக்கிய ஆறு பேரும் சுவீடன்காரர்கள். அவருக்காகவே அப்படி இறக்கினார்கள். பழைய கப்டன் டாரில் சிட்லர் பக்கத்தில் நின்றார். சனம் எழும்பிக் கைதட்டியபோது சால்மிங்குக்குக் கை தூக்க முடியவில்லை. சிட்லர் அந்தக் கையைப் பிடித்து மெல்லத் தூக்கினார். சிட்லருடைய முகம் முழுக்கக் கண்ணீர். நான் பார்த்தது அந்தப் பிடியைத்தான். மணிக்கட்டுக்குக் கீழே தாங்கி, தோள்மூட்டை இழுக்காமல். எங்களுக்குப் படிப்பித்த மாதிரியே தூக்கினார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வார்டுக்குத் திரும்பினேன்.

அந்த 24ஆம் திகதி அவர் காலமானார். 71 வயது.

ஸ்காபரோவிலிருந்து, மறுபடியும்:

தங்கச்சி, உங்கள் எழுத்தை இரண்டு தரம் வாசித்தேன். சனம் அவருக்காக எழும்பி நின்ற இன்னொரு நாளும் உண்டு, சமையற்காரர் நேரில் பார்த்தது. 1976இல் நாடுகளுக்கிடையே நடந்த கனடா கிண்ணம், அதே கார்டன்ஸில் சுவீடனுக்கும் கனடாவுக்கும் ஆட்டம். சால்மிங் மஞ்சள் சட்டையில், எதிரணியில். அவர் பெயரை வாசித்ததும் ரொறன்ரோ ஆட்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்களாம். சொந்த நாட்டு அணி பக்கத்தில் நிற்க, எதிரணிக்காரனுக்கு அப்படிக் கைதட்டு. கோழி என்று கூப்பிடப்பட்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

கார்டன்ஸ் இப்போது பலசரக்குக் கடை. கார்ல்ரன் வீதிப் பக்கத்தால் உள்ளே போனால் 25ஆம் வரிசையில் தரையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். மைதானத்தின் நடு அதுதான். அவர் இறந்த கிழமை போயிருந்தேன். வட்டத்தில் நின்று, கோல் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, அந்தப் பக்கம் நீலக்கோடு வரக்கூடிய தூரம் வரை நடந்தேன். அங்கே ஒரு பெடியன் குந்தியிருந்து தட்டில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தான். வழி விடவா என்று கேட்டான். வேண்டாம் தம்பி, அங்கேயே இரு என்றேன்.